காவிரி டெல்டாவில் ஹைடெக் தொழில்: எங்கே வேர் பிடிக்கும், எங்கே அழுகும்

கேள்வியின் சுருக்கம் இது. பெங்களூரில் வேலை பார்க்கும் இருவர் ஊர் திரும்ப நினைக்கிறார்கள். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே குடும்ப நிலம் ஒரு ஏக்கர் இருக்கிறது. அதில் 50 பேர் உட்காரும் மென்பொருள் அலுவலகமும், கூடவே சின்னதாக ஒரு மின்னணுப் பலகை (சர்க்யூட் போர்டு) அசெம்பிளியும் தொடங்கலாமா? தஞ்சாவூரில் டைடல் நியோ (அரசின் சிறிய ஐ.டி. பூங்கா) வந்துவிட்டது, திருச்சி பஞ்சப்பூரில் பெரிய டைடல் அறிவித்திருக்கிறார்கள். இந்தப் பகுதி கோயம்புத்தூர் மாதிரி வளருமா?

வளரும். ஆனால் அந்த நிலத்தில் கட்டாதீர்கள். இரண்டையும் சேர்த்தே விளக்க வேண்டும், ஏனென்றால் காரணம் ஒன்றுதான்.

கல்லணையில் காவிரி பிரிந்து விரிகிறதே, அந்த விசிறிக்குத் தெற்கே திருச்சி-தஞ்சாவூர் சாலை ஓடுகிறது. துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் எல்லாம் அந்தச் சாலையில் வரும் ஊர்கள். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும், அங்கே வயல் குறைவு; செம்மண், முந்திரி, தைலமரம், கல்மேடு. ஆற்றுப் பாசனம் ஏறாத மேட்டு நிலம். சோழ நாட்டின் சோற்றுக்கு உதவாத அந்த மேட்டில்தான் கடந்த 60 ஆண்டுகளில் எல்லாம் முளைத்திருக்கிறது: திருவெறும்பூரில் பெல் நிறுவனம் 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது, துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி 1964-ல் (2003-லிருந்து என்.ஐ.டி.), படைக்கலத் தொழிற்சாலை 1966-ல், திருமலைசமுத்திரத்தில் இப்போது சாஸ்த்ரா என்று அழைக்கப்படும் கல்லூரி 1984-ல். நவல்பட்டில் எல்காட் (மாநில அரசின் மின்னணுக் கழகம்) அமைத்த ஐ.டி. பூங்காவும் அதே மேட்டில்தான். ஹைடெக் மையம் என்று ஒன்று இங்கே உருவானால் அது டெல்டாவின் தலைமாட்டில், இந்த 55 கிலோமீட்டர் சாலையை ஒட்டி உருவாகும், வயலுக்குள் உருவாகாது.

இது புதுசும் இல்லை. தென்னிந்தியாவின் பழைய ரயில் பாதைகளில் ஒன்று 1861-62-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போடப்பட்டது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பும் நாகையில்தான் இருந்தது. பாதைகள் தெற்கேயும் மேற்கேயும் விரிந்து திருச்சி நடுமையம் ஆனதும், 1928-ல் அந்த ஒர்க்‌ஷாப் பொன்மலைக்கு ஏறிவிட்டது. கடைமடையில் தொடங்கிய பொறியியல் தொழில் மேட்டுக்குப் போன முதல் சம்பவம் அது. நாகை அந்த இழப்பை இன்னும் ஈடுகட்டவில்லை.

பெல் கதையை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், ஒரு தொழில் மையம் எப்படி வளர்கிறது, எங்கே முட்டி நிற்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இந்த வட்டாரத்தில் கிடையாது. செக்கோஸ்லோவாக்கியா கூட்டுறவோடு வந்த உயரழுத்த பாய்லர் ஆலை அது. பாய்லர் என்பது அடிப்படையில் ஆயிரக்கணக்கான வெல்டிங் இணைப்புகள். அதில் ஒன்று கசிந்தாலும் மின்நிலையம் நிற்கும். அதனால் ஊருக்குள் முதலில் வந்தது இயந்திரம் அல்ல, ஒழுங்கு. 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கேயே வந்தது. பி-91 என்ற குரோமியம் எஃகுக் குழாயை இணைக்க வேண்டுமானால், வெல்டிங்குக்கு முன் 200 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். முடிந்தபின் 760 டிகிரியை ஒட்டி வைத்து மெதுவாக இறக்க வேண்டும். லோ-ஹைட்ரஜன் எலெக்ட்ரோடை 300 முதல் 350 டிகிரியில் ஓரிரு மணி நேரம் சுட்டு, பிறகு 100 டிகிரிக்குக் குறையாத சூட்டுப்பெட்டியில் வைத்து, தேவைக்கு மட்டும் எடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் அரை நாள் திறந்து கிடந்த எலெக்ட்ரோடால் பற்றவைத்தால் கண்ணுக்கு இணைப்பு நன்றாகத்தான் தெரியும். ஈரத்திலிருந்து போன ஹைட்ரஜன் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உள்ளே விரிசலாக வெளிப்படும். துவாக்குடியில் நல்ல வெல்டர் என்பவர் ஈரத்துக்குப் பயப்படத் தெரிந்தவர். இதை நினைவில் வையுங்கள், மின்னணுப் பலகைக்கு வரும்போது இதே பயம் தேவைப்படும்.

பெல்லைச் சுற்றி துவாக்குடி, வாழவந்தான்கோட்டை பக்கம் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் எழுந்தன. 2010-களின் நடுவில் அனல் மின்நிலைய ஆர்டர் சரிந்தபோது அவற்றில் பெரும்பகுதி ஆட்டம் கண்டது. ஒரே வாடிக்கையாளரை நம்பியது தப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர்கள் செய்தது ஜாப் ஒர்க். எஃகுத் தகட்டைப் பெரிய நிறுவனமே கொடுக்கும், வரைபடமும் கொடுக்கும், பட்டறை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும். இருபது முப்பது வருடம் அப்படி ஓடினால் பட்டறைக்கு எஃகு வாங்கத் தெரியாது, வரைபடம் போடத் தெரியாது, விலை சொல்லத் தெரியாது, வேறு ஊர் வாடிக்கையாளரைத் தேடவும் தெரியாது. கை மட்டும் தேர்ந்திருக்கும். தப்பித்தவர்கள் யார் என்று பார்த்தால், சரிவுக்கு முன்பே ஒரு டிசைனரையும் ஒரு பர்ச்சேஸ் ஆளையும் சம்பளத்துக்கு வைத்திருந்தவர்கள்தான். அவர்கள் ரயில்வே, பாலம், காற்றாலை என்று திரும்பிக்கொண்டார்கள். 2019-ல் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் ஒன்றாகத் திருச்சி சேர்ந்ததும், அந்த வேலைக்கு விலை கேட்டுப் போக முடிந்தவர்களும் அவர்களே.

இப்போது மின்னணு ஒப்பந்த உற்பத்திக்கும் இதே பொறி காத்திருக்கிறது. ஜேபில் நிறுவனம் திருச்சியில் 2,000 கோடி ரூபாய் முதலீடு என்று 2024-ல் அரசோடு ஒப்பந்தம் போட்டது. வந்தால் நல்லது. ஆனால் அந்த மாதிரி ஆலைகளில் எந்த ரெசிஸ்டரை யாரிடம் வாங்குவது என்பதுவரை அவர்களுடைய வாடிக்கையாளரே முடிவு செய்துவிடுவார். உள்ளூர்க்காரருக்கு மிஞ்சுவது அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் தட்டு, கேன்டீன், வேன். இதில் உண்மையான நுழைவாயில் ஒன்றே ஒன்றுதான்: ஜிக், ஃபிக்ஸ்சர், சோதனை மேடை. பலகையைப் பிடித்து நிறுத்தும் சாதனமும், ஊசி முனைகளால் தொட்டுச் சோதிக்கும் படுக்கையும் ஒவ்வொரு மாடலுக்கும் புதிதாகத் தேவை, அவசரமாகத் தேவை, 100 கிலோமீட்டருக்குள் தேவை. துவாக்குடி மில்லிங் கடைகளால் அதைச் செய்ய முடியும். அதற்கான மென்பொருளை எழுத உங்களைப் போன்றவர்களால் முடியும். இரண்டும் இன்னும் கைகோக்கவில்லை.

மென்பொருள் பக்கம் வேகமாகவே முடித்துவிடலாம். நவல்பட்டு எல்காட் பூங்கா 2010 டிசம்பரில் திறந்தது, நிரம்பப் பல ஆண்டுகள் ஆயின. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற பட்டம் ஏற்றுமதிக்காரருக்குச் சலுகை; உள்நாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் சிறிய நிறுவனத்துக்கு அது சுங்க நடைமுறையும் கணக்குச் சுமையும்தான். புதிய யூனிட்டுகளுக்கான வருமான வரி விலக்கும் 2020-ஓடு நின்றுவிட்டது, ஆகவே இன்று அந்தப் பட்டத்தைத் தேடிப் போகக் காரணமில்லை. தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் திறந்த டைடல் நியோ கிட்டத்தட்ட 55,000 சதுர அடி. அந்தத் தொந்தரவு இல்லாதது. உங்களுக்கு வேண்டியது 3,000 சதுர அடி. முதல் மூன்று ஆண்டுகளுக்கு அங்கேயோ வல்லம் பக்கமோ வாடகைக்கு எடுங்கள். கட்டடம் கட்டியதால் எந்த ஊரிலும் தொழில் வந்ததில்லை. வாடகையை மாதா மாதம் கொடுக்க முடிகிறதா என்பதே நல்ல பரீட்சை.

இனி, அந்த ஒரு ஏக்கர்.

முதலில் சட்டம், ஏனென்றால் இதில் புரளி அதிகம். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் (அப்போது நாகையோடு இருந்த மயிலாடுதுறையும் சேர்த்தி), கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களையும் உள்ளடக்கியது. திருச்சி அதில் இல்லை. அது தடை செய்வது எண்ணெய், எரிவாயு தேடிப் புதிதாகத் துளையிடுவது, செம்பு-அலுமினியம்-துத்தநாக உருக்காலை, இரும்பு உருக்கு ஆலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு போன்றவற்றை. மென்பொருளோ பலகை அசெம்பிளியோ அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ‘டெல்டாவில் எந்தத் தொழிலும் கூடாது’ என்பது தவறு.

உங்களைத் தடுக்கப்போவது அந்தச் சட்டம் இல்லை, நிலத்தின் காகிதம். நஞ்சையை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறை அனுமதி வேண்டும், அதற்குக் கலெக்டர் ஒப்புதலும் வேளாண் துறைக் கருத்தும் வேண்டும். இருபோகம் விளையும் வயலுக்கு அது எளிதில் வராது. வரும் என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் கல் ஊன்றாதீர்கள்.

ஒன்று, அ-பதிவேட்டில் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே கோயில் பெயரோ மடத்தின் பெயரோ இருக்கிறதா? டெல்டாவில் இது மிக சாதாரணம். பட்டா தாத்தா பெயரில் இருக்கலாம், ஆனால் மூலம் கோயில் நிலமாக இருந்தால் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் பத்திரப் பதிவு நின்றுபோகும், வங்கிக் கடனும் நின்றுபோகும். அடுத்தது, யார் உழுகிறார்கள்? பல வருடமாக ஒரே குடும்பம் குத்தகைக்குச் செய்தால், 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி குத்தகைதாரராகப் பதிவாகியிருக்கலாம். அவரை அப்புறப்படுத்துவது சட்டப்படியும் நியாயப்படியும் உங்கள் வேலை இல்லை. மூன்றாவதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்: வயலுக்கு வழி எது? நிறைய நஞ்சைக்கு வழி என்பது வாய்க்கால் கரைதான். அது புறம்போக்கு. டிராக்டர் போகும், யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் லாரி ஓட்ட அங்கே சிறுபாலம் போட வேண்டுமென்றால் நீர்வளத் துறை அனுமதி வேண்டும். இல்லாமல் போட்டால் ஆக்கிரமிப்பு.

அப்புறம் மண் அடிப்பது. சாலை மட்டத்துக்கு வர வயலை 4 அடி உயர்த்த வேண்டும் என்று வையுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, 4 அடிக்கு 1,74,240 கன அடி, அதாவது 1,742 யூனிட். மண் அமுங்குவதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 2,090 யூனிட். 3 யூனிட் டிப்பரில் ஏறக்குறைய 700 நடை. சவுடு மண்ணுக்குக் கனிமவளத் துறைச் சீட்டு, நடைக்கூலி, ரோலர். அதோடு போகாது: உங்கள் வயல் மேடானதும் மேலக்காரர் வயல் தண்ணீர் வடியும் பாதை அடைபடும். அந்தக் கார்த்திகையிலேயே அவர் சம்பா மூழ்கும். அடுத்த மாசியில் நீங்கள் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸில் நிற்பீர்கள். டெல்டாவில் பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. வெளியூரில் இருந்து வருபவருக்கு முதலாவது மட்டுமே கண்ணில் படும்.

மண்ணும் கட்டடத்துக்கு ஒத்துழைக்காது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண். சித்திரையில் வயலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவது இதனால்தான். சாதாரண அஸ்திவாரம் போட்டால் இரண்டாம் வருடம் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்கே விரிசல் ஓடும். மண் பரிசோதனையில் வீக்கக் குறியீடு 50 சதவீதத்தைத் தாண்டினால் அண்டர்-ரீம்டு பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) போட வேண்டும்: குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழம், அடியில் தண்டின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு குமிழ். சம்பா காலத்தில் நிலத்தடி நீர் ஓரிரு மீட்டரில் நிற்கும். பேஸ்மென்ட் என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். இதே பணத்துக்கு வல்லம் செம்மண்ணில் இரண்டு மடங்கு கட்டலாம்.

மின்சாரம். 3,000 சதுர அடிக்கு தஞ்சாவூர் வெயிலில் 16 டன் ஏசி தேவைப்படும், உச்சத்தில் சுமார் 18 கிலோவாட். 50 கணினிக்கு 5, விளக்கு, மின்விசிறி, பம்பு, நெட்வொர்க் சேர்த்து 4. மொத்தம் 27 கிலோவாட். ஜெனரேட்டர் 40 கே.வி.ஏ., யு.பி.எஸ். 10 கே.வி.ஏ. (ஏசியை அதில் சேர்க்காதீர்கள்). முழுச் சுமையில் ஜெனரேட்டர் மணிக்கு 7, 8 லிட்டர் டீசல் குடிக்கும். அசெம்பிளிக்கு ரீஃப்ளோ அடுப்பு (பலகையில் பாகங்களைப் பற்றவைக்கும் அடுப்பு) வந்தால் சூடேறும்போது 10 முதல் 20 கிலோவாட் கூடும். எல்லாம் சேர்ந்தாலும் 112 கிலோவாட்டுக்குள்தான், ஆகவே தாழ்வழுத்த இணைப்பே போதும். தனி டிரான்ஸ்பார்மர் வாங்கி எச்.டி. (உயரழுத்த இணைப்பு) எடுக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஃபீடர் (துணைமின்நிலையத்திலிருந்து வரும் மின்பாதை)? கிராமத்து ஃபீடரில் விவசாய மோட்டார்கள் தொங்கும். குறுவை நடவு நேரத்தில் மும்முனை விட்டதும் எல்லாப் பம்புசெட்டும் ஒன்றாக எழும், வோல்டேஜ் குப்புற விழும். ஸ்டெபிலைசர் கட்-ஆஃப் ஆகி ஏசி நிற்கும், யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறி மாறி அதன் ஆயுள் பாதியாகும். நகர ஃபீடரா, தொழில்பேட்டை ஃபீடரா, ஊர் ஃபீடரா என்று துணைமின்நிலைய உதவிப் பொறியாளரிடம் கேட்டு, ஒரு வாரம் வோல்டேஜ் லாகர் மாட்டிப் பார்த்தபிறகு வாடகை ஒப்பந்தம் போடுங்கள்.

எர்த் குழியை மழைக்காலத்தில் அளந்து ‘அருமை’ என்று எழுதிக்கொடுப்பது இங்கே வழக்கம். ஈரக் களிமண்ணில் எர்த் நன்றாகத்தான் இருக்கும். வைகாசியில் களிமண் சுருங்கிக் கம்பியை விட்டு விலகியதும் தடை எகிறும். மே மாதம் அளந்த எண்தான் எண். கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் வையுங்கள், இதற்கு மேல் அதில் தொழில்நுட்பம் இல்லை.

இணையத்துக்கு இரண்டு நிறுவனம் வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கினால் ஒன்றுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மேலே கட்டியிருந்த கேபிள் எல்லாம் அதோடு போயிற்று. புதைத்த கேபிளுக்கு வேறு எமன். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன், சித்திரை வைகாசியில், வாய்க்கால்களைத் தூர்வாருவார்கள். ஜே.சி.பி. கரையோரம் தோண்டும். கேபிள் வாய்க்காலைக் கடக்கும் மதகடிதான் முதலில் அறுபடும் இடம். ஆகவே நிறுவனத்தின் பெயரைக் கேட்காமல் பாதையைக் கேளுங்கள்: எந்தச் சாலை, எந்தப் பாலம், கம்பமா குழாயா? ஒன்று திருச்சி சாலை வழியாகவும் மற்றது புதுக்கோட்டை சாலை வழியாகவும் வந்தால் அதுதான் இரண்டு இணைப்பு. கூரையில் ஒரு 4ஜி, 5ஜி ஆன்டெனா மூன்றாவது.

அசெம்பிளிக்கு வருவோம். டெல்டாவில் மின்னணுப் பலகையைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். தூசி அடுத்தது, அரிசி ஆலை புகைபோக்கியிலிருந்து காற்றில் வரும் கருப்பு உமிச் சாம்பல் ஏசி வடிகட்டியை இரண்டே வாரத்தில் அடைக்கும், ஆலை இருக்கும் திசையைப் பார்த்து இடம் எடுங்கள்.

ஈரம் எப்படிக் கெடுக்கிறது என்றால், சிப்பின் பிளாஸ்டிக் உறை காற்றிலுள்ள ஈரத்தை மெதுவாக உறிஞ்சும். ரீஃப்ளோ அடுப்பில் 240 டிகிரியைத் தொடும்போது அந்த ஈரம் நீராவியாகி உள்ளுக்குள் வெடிக்கும். சத்தம் கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். பலகை சோதனையில் பாஸ் ஆகும். இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வரும். மூன்றாம் நிலை ஈர உணர்திறன் என்று பையில் அச்சிட்டிருந்தால், பையைத் திறந்தபின் 168 மணி நேரத்துக்குள் பற்றவைக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்கு. ஐப்பசியில் தஞ்சாவூர் அறைக்குள் 85 இருக்கும். சிக்கனம் என்று இரவு ஏசியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். கடிகாரம் இரட்டை வேகத்தில் ஓடுகிறது.

செய்ய வேண்டியது பெரிதில்லை. 5 சதவீதத்துக்குக் கீழே வைக்கும் உலர் அலமாரி ஒன்று, அது யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பையிலும் திறந்த தேதி, நேரம் எழுதிய ஸ்டிக்கர். காலம் கடந்ததை 125 டிகிரியில் சுட வேண்டும், தடிமனைப் பொறுத்துச் சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாள் வரை. ஆனால் சிப் சுற்றிவரும் ரீலோடு சேர்த்து வைத்தால் பிளாஸ்டிக் நாடா உருகிவிடும், தட்டில் கொட்டிச் சுட வேண்டும் அல்லது 40 டிகிரியில் பல நாள் காக்க வேண்டும். சால்டர் பேஸ்டை 2 முதல் 10 டிகிரி ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்ததும் மூடியைத் திறக்காமல் 4 மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். ஜில்லென்று திறந்தால் நம் காற்றில் உடனே வேர்த்துவிடும். அந்த நீர் அடுப்பில் தெறித்து ஈயக்குண்டுகளாக இரண்டு கால்களுக்கு நடுவே உட்காரும்.

எலெக்ட்ரோடைச் சுட்டுச் சூட்டுப்பெட்டியில் வைக்கும் பழக்கம் உள்ள துவாக்குடி ஸ்டோர்கீப்பருக்கு இது ஒரு நாளில் புரியும். பட்டம் பெற்ற புது எஞ்சினியருக்கு ஆறு மாதம் ஆகும், நடுவில் ஒரு லாட் போகும். பெல் துணைப் பட்டறைகளிலிருந்து வெளியே வந்த ஸ்டோர்ஸ், தர ஆய்வு ஆட்களைத் தேடிப் பிடியுங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. சிப் தொழில் மையம் என்றதும் சிலர் சிலிக்கான் தகடு தயாரிக்கும் ஃபேப் வரை கனவு காண்கிறார்கள். ஒரு தகட்டுக்கே ஆயிரக்கணக்கான லிட்டர் சுத்த நீர் குடிக்கும் ஆலையைக் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத ஊரில் வைக்க யாரும் துணியமாட்டார்கள், துணியவும் கூடாது. வடிவமைப்பு செய்யலாம், சோதனை செய்யலாம், அசெம்பிளி செய்யலாம்.

ஆட்கள் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. என்.ஐ.டி., சாஸ்த்ரா பக்கத்தில் இருப்பதால் அங்கிருந்து ஆள் கிடைக்கும் என்று திட்டம் போடாதீர்கள். அவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வளர்க்கப்பட்டவர்கள். நிற்பவர்கள் இரண்டு வகை: முப்பது வயது கடந்து, பெற்றோரைப் பார்க்கத் திரும்புபவர்கள், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் கலைக்கல்லூரிகளில் கணிதமும் இயற்பியலும் படித்த பெண்கள். இரண்டாவது வகைக்கு நேரம்தான் எல்லாம். ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ்ஸைப் பார்த்து ஷிப்ட் முடியும் நேரத்தை வையுங்கள். திருச்சியில் மெடிக்கல் கோடிங் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்து நிலைத்ததற்கு வேன் ஒரு முக்கியக் காரணம். அமெரிக்க நேரத்தில் வேலை என்றால் வேன் செலவையும் சம்பளச் செலவாகவே கணக்கிடுங்கள்.

என்ன பொருள் செய்வது? வேறு எங்கும் இல்லாத வாடிக்கையாளர் உங்கள் வாசலில் இருக்கிறார், நெல். நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரம்பு. குறுவை அறுவடை மழையில் மாட்டும்போது நெல் 20, 22 என்று வரும். ஆண்டுதோறும் வரம்பைத் தளர்த்தக் கேட்டு மனு போகும், நெல் சாலையில் காயும். கொள்முதல் நிலையத்து மீட்டர் பெரும்பாலும் மின்தேக்குத்திறனை அளப்பது. நெல்லின் சூடு, ரகம், குவளையில் கொட்டிய அடர்த்தி மூன்றும் மாறினால் எண் மாறும். ஏ.டி.டி. 43 என்ற சன்ன நெல்லுக்குச் சரிசெய்த மீட்டரில் பருமனான ரகத்தைப் போட்டால் சதவீதம் பிசகும். விவசாயிக்கும் பட்டியல் எழுத்தருக்கும் சண்டை. ரக வாரியாகத் திருத்தம் தெரிந்த, சூட்டை ஈடுகட்டும், அளவைப் பதிவுசெய்து அச்சிட்டுத் தரும் மீட்டர் உங்கள் 50 பேரால் செய்யக்கூடியது. அடுத்தது உலர்த்தி. ஒரு டன் நெல்லை 22-லிருந்து 17-க்கு இறக்க 60 கிலோ தண்ணீரை ஓட்ட வேண்டும். கிலோவுக்கு 4 முதல் 5 மெகாஜூல் என்றால் 240 முதல் 300 மெகாஜூல். உமி கிலோவுக்குச் சுமார் 13 தரும், அடுப்புத் திறன் பாதி என்று வைத்தால் 37 முதல் 46 கிலோ உமி. எரிபொருள் பக்கத்து ஆலையிலேயே கிடக்கிறது. இல்லாதது கட்டுப்பாடு: காற்றின் சூட்டை ஏற்றிவிட்டால் அரிசி உள்ளே வெடித்து, அரவையில் குருணையாகும். சூடு, ஈரம், காற்றோட்டம் மூன்றையும் பார்த்து உமி விழும் வேகத்தை மாற்றும் ஒரு சின்ன கன்ட்ரோலர் போதும். தஞ்சாவூரிலேயே நிஃப்டெம் (மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்) இருக்கிறது, 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிப் பிரிவாகத் தொடங்கியது. ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. ரகமும் சோதனைக்கூடமும் அவர்களிடம் உண்டு. கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் (புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசுத் திட்டம்) பற்றிக் கேளுங்கள், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம். இதில் கவனம், ஜாப் ஒர்க் ஆகிவிடாமல் வடிவமைப்பு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

அந்த ஒரு ஏக்கருக்கும் இதில் இடம் உண்டு. உழுபவரிடம் பேசி, வழக்கம்போல குறுவையும் தாளடியும் நடக்கட்டும். களத்து மேட்டில் 10-க்கு 10 கொட்டகை போட்டு, முதல் மீட்டரையும் கன்ட்ரோலரையும் அங்கே வையுங்கள். புரட்டாசிக் கடைசியில் அறுத்த நெல்லில் தினம் மூன்று வேளை மாதிரி எடுத்து, ஒரு பாதியை உங்கள் மீட்டரில் அளந்து, மறுபாதியை அரைத்து 130 டிகிரி அடுப்பில் உலர்த்தி எடை பார்த்து ஒப்பிடுங்கள். கொட்டகைக்கு ஒரு முனை கரண்ட் போதும். தரையிலிருந்து மூன்றடி மேலே மேசை, மழை வரும்.